வளைக்க வளைக்க ஆயுள் குறையும் குழாய்: காயில்ட் டியூபிங் ஓர் எளிய அறிமுகம்

போன கோடையில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு போர் மோட்டார் நின்றுபோனது. உள்ளே இருந்தது பழைய ஜிஐ பைப். இருபது அடிக்கு ஒரு துண்டு. முக்காலி நட்டு, செயின் பிளாக் போட்டு ஒரு துண்டை மேலே ஏற்றுவார்கள். கீழ்த்துண்டு நழுவிவிடாமல் கிளாம்ப் போடுவார்கள். பைப் ரிஞ்சை மாட்டிக் காலரைக் கழற்றி, துண்டைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். காலையில் தொடங்கிய வேலை மதியச் சாப்பாடு தாண்டியும் முடியவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டில் அதே பிரச்சினை. அங்கே கருப்பு ஹோஸ். இரண்டு பேர் இழுக்க, ஒருவர் தெருவில் வட்டம் வட்டமாகச் சுருட்டிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரத்தில் மோட்டார் வெளியே வந்துவிட்டது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாலிடெக்னிக் பையன் கேட்டான்: “இன்னாண்ணா, இரும்பு பைப்பயும் இதே மாதிரி சுத்தி வெச்சிக்கினா எவ்ளோ ஈஸி?”

அப்படி ஒரு பைப் இருக்கிறது, 17 வருஷம் வளைகுடாவில் அதை வைத்துத்தான் சம்பாதித்தேன் என்றேன். அவன் நம்பவில்லை. மெக்கானிக்கல் படிக்கிறவன், நம்பாததில் நியாயம் இருக்கிறது. இரும்பை வளைத்தால் மடங்கும், மடக்கி நிமிர்த்தினால் ஒடியும் என்றுதான் எல்லோருடைய கையும் சொல்கிறது. அன்று அவனுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

காயில்ட் டியூபிங் என்பது கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக இருக்கும் எஃகுக் குழாய். பெரிய ரீலில் சுற்றி லாரியில் வரும். பெரும்பாலும் 1 அங்குலத்திலிருந்து மூன்றரை அங்குலம் வரை வெளிவிட்டம் இருக்கும். சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். தமிழில் சுருள் குழாய் எனலாம். கிணற்றடியில் நாங்கள் சொல்வது ‘சி.டி.’

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் என்றால் மணலி ஆலையின் உச்சியில் எரியும் சுடர், மணலி விரைவுச் சாலையில் வரிசை கட்டும் டேங்கர் லாரிகள், துறைமுகத்திலிருந்து வரும் கச்சா எண்ணெய்க் குழாய். 1969 முதல் ஓடும் அந்த ஆலை, வந்து சேர்ந்த எண்ணெயைப் பிரிக்கும் இடம். எண்ணெய் வெளிவரும் கிணறு வேறு. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்துக்குப் போக வேண்டும். கிணறு என்றதும் நம் வீட்டுக் கிணற்றை நினைக்காதீர்கள். சில கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கும், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்கூட இல்லாத இரும்புத் துளை அது. அதன் அடியில் மணல் அடைத்துக்கொள்ளும். பாறையின் நுண்துளைகள் அடைபட்டால் அமிலம் ஊற்றித் திறக்க வேண்டிவரும். கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீரின் எடையே எண்ணெயை மேலே வரவிடாமல் அழுத்தினால், அடியில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அந்த நீர்த்தூணை லேசாக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலிருந்து அடிவரை ஒரு மெல்லிய குழாய் போக வேண்டும்.

துண்டுக் குழாய்களைத் திருகித் திருகி இறக்கலாம்தான். 9 மீட்டர் துண்டு என்றால் 3,000 மீட்டருக்கு 330-க்கும் மேற்பட்ட இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் பம்பை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் கிணற்றையே கனமான திரவத்தால் அமுக்கி ‘கொன்றுவிட்டு’ வேலை செய்ய வேண்டும். அப்படி அமுக்கிய கிணறு சில சமயம் பழையபடி எழுந்து வருவதில்லை. சுருள் குழாய்க்கு இந்த வம்பு இல்லை. கிணறு உயிரோடு அழுத்தத்தில் இருக்கும்போதே, பம்பை நிறுத்தாமல், குழாயை ஓட்டிக்கொண்டே போகலாம். நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று நிதானமாக ஓட்டினாலும் மூன்றரை மணி நேரத்துக்குள் 3,000 மீட்டர் இறங்கிவிடும்.

இந்த யோசனைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது இரண்டாம் உலகப் போர். 1944-இல் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலடியில் எரிபொருள் அனுப்ப, 3 அங்குல இரும்புக் குழாயை நீளமாகப் பற்றவைத்து, மாடிவீட்டைவிட உயரமான மிதக்கும் உருளைகளில் சுற்றி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இழுத்துக்கொண்டே அவிழ்த்துப் போட்டார்கள். எண்ணெய்க் கிணற்றுக்கான முதல் முழுமையான யூனிட் 1962-இல் அமெரிக்காவில் வந்தது. கலிஃபோர்னியா ஆயில் கம்பெனியும் போவன் டூல்ஸும் சேர்ந்து செய்தது. அதற்குக் கொடுத்த முதல் வேலையும் கிணற்றில் அடைத்த மணலைக் கழுவுவதுதான்.

சரி, குழாய் போகும் பாதையைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் கைக்கு வந்துவிடும். ரீலிலிருந்து கிளம்பும் குழாய் நிமிர்ந்து மேலே ஏறுகிறது. கிணற்றுக்கு நேர்மேலே வாத்தின் கழுத்துபோல வளைந்த வழிகாட்டி ஒன்று இருக்கும். அதன் பெயரே கூஸ்நெக். அதில் வளைந்து திரும்பி, கீழே இன்ஜெக்டருக்குள் நுழையும்போது மறுபடி நிமிர்கிறது. இன்ஜெக்டர் என்பது எதிரெதிரே ஓடும் இரண்டு செயின்கள். செயினில் உள்ள கட்டைகள் குழாயைக் கவ்விக் கீழே தள்ளும், மேலேயும் இழுக்கும். அதற்குக் கீழே ஸ்ட்ரிப்பர் என்ற ரப்பர் அடைப்பு குழாயை இறுக்கிப் பிடித்துக் கிணற்று வாயுவை வெளியே விடாமல் காக்கும். அதற்கும் கீழே பிஓபி என்ற அவசரத் தடுப்பு அமைப்பு. ஏதாவது கைமீறினால் குழாயையே வெட்டிக் கிணற்றை மூடும் தாடைகள் அதில் உண்டு.

இப்போது எண்ணிப் பாருங்கள். இறங்கும்போது ரீலில் நிமிர்வு, கூஸ்நெக்கில் வளைவு, இன்ஜெக்டரில் நிமிர்வு. ஏறும்போது அதே மூன்றும் தலைகீழாக. ஒரு தடவை போய்வந்தால் ஆறு. காசிமேட்டில் விசைப்படகின் வின்ச்சைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. டிரம்மிலிருந்து ரோப் புறப்பட்டு, கப்பியில் வளைந்து, கடலுக்குள் இறங்கும். ஆனால் ஒயர் ரோப் என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளின் முறுக்கு. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைவைத் தாங்கிக்கொள்ளும். குழாய் ஒரே உடம்பு. வழுக்க இடமில்லை. வளைவு முழுவதையும் உலோகமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வாங்குகிறது? கணக்கு மிக எளிது. ஒரு குழாயை வளைத்தால் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் குறுகுகிறது, நடு அச்சு அப்படியே இருக்கிறது. எவ்வளவு பங்கு நீண்டது என்பதைத்தான் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் திரிபு என்று படித்தோம். குழாயின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் திரிபு கிடைத்துவிடும். ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஆரம் 19 மி.மீ. ரீலின் நடு உருளை 2 மீட்டர் விட்டம் என்றால் அதன் ஆரம் 1,000 மி.மீ. ஆக, திரிபு 1.9 சதவீதம். கூஸ்நெக்கின் ஆரம் 6 அடி, அதாவது சுமார் 1,830 மி.மீ என்றால் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

சின்ன எண்களாகத்தானே இருக்கின்றன என்று தோன்றும். எஃகு எவ்வளவு நீண்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்று பாருங்கள். இந்தக் குழாய்களில் பரவலாகப் பயன்படும் ஒரு ரகத்தின் யீல்டு வலிமை, அதாவது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம், 80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு), சுமார் 550 மெகாபாஸ்கல். எஃகு நீள்வதற்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டும் என்பதைச் சொல்லும் யங் குணகம் சுமார் 2,00,000 மெகாபாஸ்கல். வகுத்தால் 0.275 சதவீதம். அதுதான் எல்லை. அதற்குள் வளைத்தால் விட்டதும் ஸ்பிரிங் மாதிரி நிமிரும், தாண்டினால் நிரந்தரமாக உருமாறும். நம் குழாய் ரீலில் சுற்றப்படும்போது இந்த எல்லையைப்போல ஏழு மடங்கு வளைகிறது.

எல்லைக்குள்ளேயே வளைக்கக் கூடாதா என்று பையன் உடனே கேட்டான். நல்ல கேள்வி. அப்படிச் செய்ய வளைவின் ஆரம் ஏறக்குறைய 7 மீட்டர் வேண்டும். 14 மீட்டர் விட்டமுள்ள ரீல், நாலு மாடி உயரம். அதை எந்தச் சாலையில் ஏற்றி எந்தப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோவது? லாரியில் போகிற அளவில்தான் ரீல் இருக்க முடியும் என்று முடிவான அந்த இடத்திலேயே, இந்தக் குழாய் ஒவ்வொரு முறையும் மீட்சி எல்லையைத் தாண்டி வளையும் என்பதும் முடிவாகிவிட்டது. பொதுவாக இயந்திரப் பாகங்களை வடிவமைப்பவர்கள் அந்த எல்லைக்கு அருகேயே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். காயில்ட் டியூபிங்கில் முதல் நாளே எல்லையைத் தாண்டிவிட்டு, அதற்குப் பிறகு எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணுகிறோம். இந்தத் துறையின் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நம் மின்சார ரயிலைப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் தாண்டிக் கும்மிடிப்பூண்டி போக சுமார் 48 கிலோமீட்டர். சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 3 மீட்டர். ஒரு நடைக்குச் சக்கர அச்சு 16,000 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த அச்சு மிக லேசாக வளைந்து நிமிர்கிறது. இப்படி வருஷக்கணக்கில், கோடிக்கணக்கான முறை. மீட்சி எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் அது தாங்குகிறது. சுருள் குழாயின் ஆயுளைக் கோடியிலும் லட்சத்திலும் எண்ண முடியாது. பத்துகளிலும் நூறுகளிலும்தான் எண்ணுகிறோம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டிட வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பியில் ஒரு முழம் எடுங்கள். பென்சிலில் சுற்றினால் சுருளாகவே நின்றுவிடும். வாளியில் சுற்றிவிட்டால் ஓரளவு விரியும், ஆனாலும் நேராகாது. அடுத்து, ஒரே இடத்தில் கூர்மையாக மடக்கி நிமிர்த்துங்கள். சில தடவையிலேயே மடிப்பு விரலில் சுடும். அந்தச் சூடுதான் உலோகம் உருமாறும்போது தொலைத்த ஆற்றல். இன்னும் சில தடவையில் ஒடிந்துவிடும். அதே கம்பியை மெல்ல, அகலமான வளைவில் ஆட்டினால் பல மடங்கு நேரம் தாங்கும். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. அதிலும் குறைந்த சுற்றுச் சோர்வு, அதாவது கொஞ்சத் தடவை வளைந்ததிலேயே ஒடிவது. 1950-களில் காஃபின், மான்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியாக இதற்கு ஒரு கணக்கு கண்டார்கள். அதன்படி வளைவின் திரிபைப் பாதியாக்கினால் ஆயுள் இரண்டு மடங்கோடு நிற்காது, மூன்று நான்கு மடங்குகூட ஆகும். பெரிய கூஸ்நெக்குக்கும் பெரிய ரீலுக்கும் நாங்கள் ஏன் அவ்வளவு ஆசைப்பட்டோம் என்பது இதில் தெரியும்.

இதோடு அழுத்தம் சேர்ந்தால் கதை மோசமாகிறது. குழாய்க்குள் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயும் கூஸ்நெக்கில் ஓடும். நேராக இருக்கும் குழாய் பெரிய அழுத்தத்தைக்கூடச் சுலபமாகத் தாங்கும். ஒன்றரை அங்குலம், 2.77 மி.மீ சுவர், 80,000 பிஎஸ்ஐ எஃகு என்றால், சுவர் யீல்டு ஆக ஏறக்குறைய 800 பார் அழுத்தம் வேண்டும். சாலையில் போகும் கன்டெய்னர் லாரி டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு. ஆனால் வளைந்துகொண்டிருக்கும் நொடியில் அந்த உலோகம் ஏற்கெனவே இளகி உருமாறிக்கொண்டிருக்கிறது. பிசைந்த மாவை லேசாகத் தொட்டாலே குழி விழுவதுபோல, அந்த நொடியில் உள்ளிருந்து வரும் சின்ன அழுத்தமும் சுவரைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிடும். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். குழாய் மெல்ல மெல்ல ஊதிப் பருக்கிறது, சுவர் மெலிகிறது. அதே வளைவு, அதே எஃகு, ஆனால் உள்ளே உயர் அழுத்தம் என்றால் ஆயுள் பல மடங்கு குறைந்துவிடும். பருத்த குழாய் ஸ்ட்ரிப்பரில் சிக்கும். வட்டம் கெட்டு முட்டை வடிவமானால் கிணற்றின் வெளியழுத்தத்தில் நசுங்கவும் செய்யும். வேலை முடிந்து ஏறும் குழாயில் கேலிபர் வைத்து நாலு திசையிலும் விட்டம் பார்ப்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட வாழ்க்கைக்கு எந்த எஃகு பொருந்தும்? வலிமை வேண்டும், ஆனால் கண்ணாடிபோல வெடுக்கென்று உடையக் கூடாது. நன்றாகப் பற்றவைக்க வர வேண்டும். ஆகவே கார்பன் குறைவு, ஏறக்குறைய 0.1 முதல் 0.15 சதவீதம். மாங்கனீஸ், சிலிக்கான், குரோமியம், தாமிரம் ஆகியவை ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்கும் கீழே. தாமிரமும் குரோமியமும் துருவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். கந்தகத்தை மட்டும் விரட்டி விரட்டி 0.005 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகிறார்கள். கந்தகம் மாங்கனீஸோடு சேர்ந்து எஃகுக்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உட்கார்ந்துகொள்ளும். விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். ரகங்களை யீல்டு வலிமையை வைத்தே அழைப்பார்கள்: 70, 80, 90, 100, 110 என்று. எல்லாம் ஆயிரம் பிஎஸ்ஐ கணக்கு. இப்போது குழாய் முழுவதையும் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தும் முறையில் 130, 140 வரையும் வந்துவிட்டது.

வலிமை கூடினால் நல்லதுதானே என்று நினைப்போம். அழுத்தத்துக்கும் தொங்கும் எடைக்கும் நல்லதுதான். ஆனால் கிணற்றில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைந்துவிடும். கடினமான எஃகு அதைத் தாங்காமல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். அத்தகைய கிணறுகளுக்குக் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 22-ஐத் தாண்டாத எஃகைத் தேடுவது பழைய வழக்கம். ஆகவே எந்தக் கிணறு என்று தெரியாமல் எந்த ரகம் சிறந்தது என்று சொல்லவே முடியாது.

இனி இந்தக் குழாய் பிறக்கும் விதம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எஃகுத் தகட்டுச் சுருளை நீளவாக்கில் பட்டைகளாகக் கிழிக்கிறார்கள். ஒன்றரை அங்குலக் குழாய்க்குப் பட்டையின் அகலம் சுமார் 111 மி.மீ. ஒரு பட்டை கிலோமீட்டர் கணக்கில் வராது, ஆகவே பட்டைகளை முனையோடு முனை பற்றவைத்து ஒரே நீளமாக்குகிறார்கள். அந்தப் பட்டையை உருளைகளுக்கிடையே விட்டு மெல்ல மெல்ல வட்டமாக மடித்து, இரண்டு ஓரங்களும் சந்திக்கும் இடத்தில் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சூடாக்கி நெருக்கிப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் ராடு கிடையாது, எஃகே எஃகோடு சேர்கிறது. வெளியே பிதுங்கியதைச் சீவிவிடுவார்கள். பிறகு இணைப்பைச் சூடாக்கிப் பதம் சேர்த்து, விரிசல் இருக்கிறதா என்று மின்காந்த முறையில் சோதித்து, ரீலில் சுற்றுவார்கள். ஆக, கிணற்றைப் பார்ப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் அதற்கு முதல் வளைவு விழுந்துவிடுகிறது.

பட்டையோடு பட்டை சேரும் அந்த இணைப்பில்தான் சூட்சுமம். ஆரம்ப காலத்தில் குழாயாக்கிய பிறகு துண்டுகளை நேர்க்குறுக்காகப் பற்றவைத்தார்கள். வளையும்போது அந்த ஒரு வட்டத்தின் மேலேயே முழுத் திரிபும் குவியும். குழாய் அங்கேதான் போகும். பிறகு வந்தவர்கள் பட்டையாக இருக்கும்போதே முனைகளை 45 பாகையில் சாய்வாக வெட்டி இணைத்தார்கள். பட்டை குழாயாகச் சுருளும்போது அந்தச் சாய்கோடு குழாயைச் சுற்றி ஏறும் கொடிபோல நீண்டுவிடும். எந்த ஓர் இடத்திலும் இணைப்பு முழுவதும் ஒன்றாக மாட்டிக்கொள்ளாது. என் அக்கா பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறார். பைப்பிங்குக்குக் கிராஸ் பட்டி ஒட்டும்போது எப்போதும் சாய்வாகத்தான் ஒட்டுவார். நேராக ஒட்டினால் அந்த இடம் தடித்து முண்டும், கழுத்து வளைவில் படியாது என்பார். இரும்பானாலும் துணியானாலும் வளைகிற பட்டைக்குத் தீர்வு ஒன்றாகவே இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும். கிணற்றடியில் அவசரத்துக்குப் போடும் நேர் வெல்டுக்கு, குழாயின் மற்ற பகுதிக்குக் கொடுக்கும் ஆயுளில் பாதிகூடக் கொடுக்க மாட்டோம்.

தொங்கும் எடை விஷயத்தில் எல்லோரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மேலே சொன்ன குழாய் மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ. 4,500 மீட்டர் தொங்கினால் கிட்டத்தட்ட 11 டன். அத்தனையும் மேல்முனை தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் சுவரைத் தடிமனாக்கலாம் என்று முதலில் தோன்றும். தடித்தால் வலிமை இரட்டிப்பாகும், எடையும் இரட்டிப்பாகும். பலன் ஒன்றுமில்லை. வலிமையை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால், 80,000 பிஎஸ்ஐ குழாய் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்றில் சுமார் 7,100 மீட்டர் தொங்கும்போது தன் எடையிலேயே யீல்டு ஆகும். கிணற்றில் திரவம் இருந்தால் மிதப்பு கொஞ்சம் உதவும். பாதுகாப்புக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் குறையும்.

வழி என்ன? மேல்பகுதியை மட்டும் தடிமனாக வைத்து, கீழே போகப் போக மெலிய விடுவது. அடிக்குழாய் தன் கீழே உள்ள கொஞ்சத்தைத்தானே தாங்குகிறது? ஆனால் வெளிவிட்டம் மாறக் கூடாது, ஸ்ட்ரிப்பரும் இன்ஜெக்டர் கட்டைகளும் ஒரே அளவைத்தான் பிடிக்கும். ஆகவே தடிமன் மாற்றம் முழுவதும் உள்பக்கமே. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டிசைன் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி, எந்த ஆழத்தில் எந்தத் தடிமன் என்று கிணற்றுக்குக் கிணறு தைத்துக் கொடுப்பதுதான்.

படுக்கையாகத் திரும்பும் கிணறுகளில் இழுவிசையோடு உந்துவிசையும் பிரச்சினை. நீளமான கயிற்றைத் தள்ளிப் பாருங்கள். குழாயும் ஒரு கட்டத்தில் பாம்புபோல நெளியும், பிறகு சுருளாகக் கிணற்றுச் சுவரில் சாயும், உராய்வு கூடிக் கடைசியில் மேலே எவ்வளவு தள்ளினாலும் கீழ்முனை நகராது. அதற்கு லாக்-அப் என்று பெயர். அங்கே விட்டத்தைக் கூட்ட வேண்டும்.

துருவைப் பற்றி எண்ணூர்க் கழிமுகப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று வருஷா வருஷம் பார்க்கிறோம். சுருள் குழாயில் கவனிக்க வேண்டியது உள்பக்கம். வேலை முடிந்து ரீலில் சுற்றி நிறுத்தினால், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஒவ்வொரு சுற்றின் அடிவயிற்றிலும் தேங்கும். அங்கே குழி விழும். அவிழ்த்தால், ஒரு சுற்றுக்கு ஒன்று என்று வரிசையாகக் குழிகள். குழி என்றால் வளைவின் திரிபு குவிய ஓர் இடம். ஆகவே அமிலம் ஓட்டிய குழாயை நன்றாகக் கழுவி, நைட்ரஜனால் ஊதிக் காயவைத்து, துருத்தடுப்பு மருந்து விட்டுத்தான் மூட வேண்டும். கிணறு முடிந்து எல்லோரும் தூங்கப் போகத் துடிக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. அதனாலேயே அடிக்கடி விட்டுப்போகும்.

ஒரு சம்பவம். பாலைவனத்தில் மணல் கழுவும் வேலை. இரவு ஷிஃப்டில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மணல் இறுகியிருக்க, இருபது மீட்டர் மேலே, இருபது மீட்டர் கீழே என்று குழாயைத் திரும்பத் திரும்ப ஆட்டியிருக்கிறார்கள். கீழே நடக்கும்போது மேலே என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அதே இருபது மீட்டர் கூஸ்நெக்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் முழு அழுத்தத்தில். அந்த ஆட்டங்களைப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு தடவை போய்வந்ததாக மட்டும் எழுதிவிட்டார்கள். காலையில் நான் கண்ட்ரோல் கேபினில் உட்கார்ந்து அரை மணிகூட ஆகவில்லை. கூஸ்நெக்குக்குச் சற்று மேலே வெள்ளை நூல்போல ஒன்று வெயிலில் மின்னியது. ஊசித்துளை. அதிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தினோம். அடியில் இருந்த செக் வால்வ், அதாவது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு, கிணற்று வாயுவைத் தடுத்துப் பிடித்தது. கீழே கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்ததால் யாருக்கும் காயமில்லை. ஓடிக்கொண்டிருந்தது அமிலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி யோசிப்பேன்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை. ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு பதிவு உண்டு. குழாயைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை, எந்த ஆரத்தில், எந்த அழுத்தத்தில் வளைந்தது என்று கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே வரும். எந்தப் பகுதியில் எத்தனை சதவீத ஆயுள் செலவானது என்று படமாகக் காட்டும். இப்போது ஆழமும் அழுத்தமும் தானாகவே பதிவாகின்றன. முன்பு எல்லாம் பேனாதான். ஒரே இடம் திரும்பத் திரும்பக் கூஸ்நெக்கில் விழாமல் இருக்க, வேலைக்கு வேலை அடிமுனையில் கொஞ்சம் வெட்டி எறிவோம். சில மீட்டர் போனால் போகட்டும், வளையும் இடம் நகர்ந்துவிடும். சில சமயம் முழுக் குழாயையும் வேறு ரீலுக்கு மாற்றி, தலையைக் காலாக்குவோம். நிர்ணயித்த சதவீதம் வந்ததும், பார்வைக்குப் புதுசுபோலப் பளபளத்தாலும், அதற்குக் கிணற்று வாழ்க்கை முடிந்தது.

அப்படி ஓய்வு பெற்ற குழாயைத் துண்டு போட்டு விற்றுவிடுவார்கள். ஒருமுறை முகாமுக்குப் போகும் வழியில் ஓர் ஆட்டுப்பட்டியைப் பார்த்தேன். சுற்றுவேலி முழுவதும் எங்கள் ஒன்றரை அங்குலக் குழாய். கட்டியவர் தம்மால் முடிந்தவரை நிமிர்த்தித்தான் நட்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு கம்பமும் ஒரே பக்கமாக லேசாக வளைந்து நின்றது, இன்னும் அந்த ரீலிலேயே இருப்பதுபோல.